பங்கா கயிறும் இலவச ஃபேனும்

கத்திரி வெயில் தொடங்கியதும் தொலைக்காட்சியில் யாராவது ஒரு மருத்துவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பகலில் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள், மாலையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், ஃபேனை ஜன்னலோரமாக வையுங்கள் என்கிறார். அவர் சொல்வதில் தப்பொன்றும் இல்லை. போன மே மாதம் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு காலனியில், ஓர் ஆயாவின் வீட்டில் உட்கார்ந்து இந்த அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரே அறை. மேலே சிமெண்ட் ஷீட். ஒரே கதவு. பின்சுவரில் ஒரு செங்கல் அகலத்துக்கு ஓட்டை இருந்தது. அதையும் எலி வருகிறதென்று பழைய புடவைத் துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார். "எதிர் ஜன்னலாமே, நான் எங்க போயி தேடறது கண்ணு?" என்று ஆயா சிரித்தார்.

பின்சுவரில் ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்று கேட்டோம். அந்தச் சுவருக்கு அப்பால் ஊர்க்காரர் ஒருவரின் தோட்டம் இருக்கிறது. வீடு கட்டும்போதே, தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல் வைக்கக் கூடாது என்று வந்து சொல்லிவிட்டுப் போனாராம். அப்படிச் சொல்ல அவருக்கு எந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பக்கம்தான் மேற்கு. சாயங்காலக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. நாங்கள் களப்பணிக்குப் போன பல ஊர்களில் சேரி இருக்கும் திசையைக் கவனித்திருக்கிறோம். ஊரைத் தொட்ட காற்று சேரிக்கு வரலாம், சேரியைத் தொட்ட காற்று ஊருக்குப் போகக் கூடாது என்று கணக்குப் போட்டு வைத்த மாதிரியே இருக்கும்.

வீட்டில் காற்று வாங்குவது ஏதோ அவரவர் சாமர்த்தியம் என்பது போலவே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். சமூகவியல் படித்த எங்களுக்கும் வெகுநாள் அப்படித்தான் பட்டது. ஆனால் விசிறியின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் அதில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். விசிறுகிறவர் ஒருவர், விசிறப்படுகிறவர் ஒருவர். கரண்ட் வருவதற்கு முன்னால் இந்த இருவரும் ஒரே ஆளாக இருந்தது பனையோலை விசிறி வைத்திருந்த ஏழை வீடுகளில் மட்டும்தான்.

கோயிலிலும் அரண்மனையிலும் விசிறி என்பது வெப்பம் போக்கும் பொருள் மட்டுமல்ல. வெண்கொற்றக்குடை, வெண்சாமரம், ஆலவட்டம் எல்லாம் அந்தஸ்தின் அடையாளங்கள். யார் வீட்டு ஊர்வலத்தில் குடை பிடிக்கலாம், யார் சாமரம் வீசிக்கொள்ளலாம் என்று வலங்கை, இடங்கைச் சாதிகள் காலனியக் காலம் வரைக்கும் சண்டை போட்டிருக்கின்றன. இதில் திருவாரூர்ச் செய்தி ஒன்று உண்டு. அங்கே சிவன் கோயில் பெருவிழாவில் பறையர்களின் தலைவர் சாமியோடு யானை மேல் ஏறிச் சாமரம் வீசும் உரிமை பெற்றிருந்தார் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகள் பதிவு செய்கின்றன. 'யானையேறும் பெரும்பறையன்' என்று பேசப்படுபவர் இவர்தான். இழந்த பழைய பெருமையின் மிச்சம் இது என்று நம் அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஆண்டுக்கு ஒருநாள் யானை மேல் ஏற்றியபோதும் நம் ஆள் கையில் கொடுக்கப்பட்டது விசிறத்தான்.

வெள்ளைக்காரன் வந்த பிறகு விசிறி பெரிதானது. நீளமான மரச்சட்டத்தில் துணியைக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்கள். அதிலிருந்து ஒரு கயிறு கப்பியில் ஏறி, சுவரில் போட்ட ஓட்டை வழியாக வெளியே வராந்தாவுக்குப் போகும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து இழுத்து இழுத்து விடுவார். இதுதான் பங்கா. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா வெள்ளையர் வீடுகளில் பரவத் தொடங்கி, பிறகு கோர்ட், கச்சேரி, சர்ச், ராணுவக் குடியிருப்பு, ரயில்வே விடுதி என்று நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஆட்சி நடத்திய ஒவ்வொரு அறைக்கும் வெளியே ஒரு கயிறும் ஓர் ஆளும் இருந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த ஆளுக்குப் பேர் இல்லை. 'பங்கா கூலி' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

எங்கள் அப்பாவின் தாத்தா வட ஆர்க்காட்டில் ஒரு தாலுகா கச்சேரியில் வெயில் காலங்களில் பங்கா இழுத்தவர். பாட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாசிக் கடைசியில் கூப்பிடுவார்களாம், ஐப்பசி மழை பிடித்ததும் அனுப்பிவிடுவார்களாம். கை ஓய்ந்து போனால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படுத்தபடியே இழுப்பாராம். சாகும்வரை அந்த விரலில் கயிறு அறுத்த தழும்பு இருந்தது என்பாள் பாட்டி. உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி யார், அங்கே என்ன வழக்கு நடந்தது, எதுவும் அவருக்குத் தெரியாது. சுவரின் இந்தப் பக்கம் இருந்தவருக்குத் தான் இழுத்த காற்றில் ஒரு மூச்சுகூட மேலே பட்டதில்லை. கையில் ஒரு பனையோலை விசிறியாவது வைத்திருக்கலாமே என்று சின்ன வயதில் நாங்கள் கேட்டிருக்கிறோம். "ரெண்டு கையும் கயித்துல இருந்தா விசிறிய எதால புடிக்கிறது?" என்றாள் பாட்டி.

இரவு முழுக்கப் பங்கா இழுப்பவர் தூங்கிப்போவது சகஜம். தூங்கினால் பங்கா நிற்கும். உள்ளே படுத்திருக்கும் துரைக்கு வியர்க்கும், விழிப்பு வரும். அவர் எழுந்து வந்து உதைப்பார். ராணுவக் குடியிருப்புகளில் இப்படி உதைபட்டுச் செத்த பங்கா கூலிகள் உண்டு. வழக்கு கோர்ட்டுக்குப் போனால் மருத்துவர் ஒருவர் வந்து சாட்சி சொல்வார். செத்தவனுக்கு மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, லேசாக அடித்தாலே கிழிந்துவிடும், அடித்தவர் மேல் தப்பில்லை என்பார். அபராதத்தோடு வழக்கு முடியும். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர் தன் குதிரைக்காரரை அடித்து அவர் இறந்துபோன வழக்கிலும் மண்ணீரல்தான் பேசியது. அவருக்குத் தண்டனை 30 ரூபாய் அபராதம். 1876இல் வைஸ்ராய் லிட்டனே அதைக் கண்டித்துக் குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. சிப்பாய்கள் உள்ளூர் ஆட்களை அடிப்பது கர்சன் காலத்திலும் அரசாங்கத்துக்குத் தலைவலியாகவே இருந்தது. உதைத்தவனின் பூட்ஸை விட்டுவிட்டு உதைபட்டவனின் உடம்பில் குற்றத்தைத் தேடும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதில்லை. இன்றைக்கும் மலக்குழியில் இறந்தவரைப் பற்றி 'குடித்திருந்தார்' என்று முதல் தகவல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பங்கா இழுத்தவர்கள் எல்லோரும் தலித்துகள்தாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வடக்கே ஒரு மாதிரி, தெற்கே ஒரு மாதிரி, பஞ்சகாலத்தில் வேறு மாதிரி. ஆனால் அந்தப் பணிக்கு யார் தள்ளப்பட்டார்கள் என்பது வெளியூர்க்காரர் கண்ணுக்கே பட்டிருக்கிறது. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924இல் எழுதிய 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலில் பெரிய வழக்கு விசாரணை ஒன்று வருகிறது. அந்தக் கோர்ட்டில் பங்கா இழுப்பவரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களில் ஒருவராகத்தான் அவர் காட்டுகிறார். நீதிபதி, வக்கீல், சாட்சி, குற்றவாளி எல்லோரும் வந்துபோன பிறகும் என்ன நடந்தது என்று தெரியாமலே அவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார். ஆங்கில இலக்கிய வகுப்புகளில் இந்த இடத்துக்குத் தத்துவ விளக்கம் நிறையச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதைப் படித்தபோது கட்டைவிரல் தழும்புதான் ஞாபகம் வந்தது.

அடுத்தவருக்குக் காற்று இழுத்தவர்களுக்குத் தங்கள் தலையை வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமை இருந்ததா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். மறு ஆண்டு அது பதினொன்றாகப் பெருகியது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தன் நூலில் வரிசையாகத் தந்திருக்கிறார். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. அந்த வரிசையில் ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பதும் இருக்கிறது. இதைப் பெரும்பாலும் 'அவமானம்' என்ற தலைப்பில் மட்டும் பேசிவிடுகிறோம். ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். நிழல் கூடாது, காலுக்குத் தோல் கூடாது என்பது உடம்பின் மேல் நேரடியாக ஏவப்பட்ட வெப்பம்.

மின்சார விசிறி 1880களில் அமெரிக்காவில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பெருநகரங்களில் கரண்ட் வந்த இடமெல்லாம் பங்கா கயிறு மெதுவாக அவிழ்ந்தது. வரலாற்றாசிரியர்கள் இதை முன்னேற்றம் என்று ஒரு வரியில் கடந்துபோவார்கள். கயிறு இழுத்தவர்களுக்கு அது வேலையும் போன நாள். போன வேலைக்காக அழ வேண்டியதில்லைதான். ஆனால் கயிற்றை விட்டவர் வீட்டுக்கு ஃபேன் வந்து சேர எத்தனை வருஷம் ஆனது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு மூன்று தலைமுறை ஆனது.

பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. மேட்டூரில் 1937இல். 1957இல் மின்வாரியம் அமைந்த பிறகு கிராமங்களுக்குக் கம்பி வேகமாகப் போனது. மின்மயமாக்கலில் தமிழ்நாடு முன்னோடி என்று நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கம்பி எதைத் தேடிப் போனது? கிணற்றைத் தேடி, பம்புசெட்டைத் தேடிப் போனது. கிணறு நிலம் இருப்பவருக்குத்தான் இருக்கும். 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் என்றான போதும் பம்புசெட் இருந்தவருக்கு அது வந்தது, அவர் வயலில் நாற்று நட்டவருக்கு வரவில்லை. விவசாயத்துக்கு மின்சாரம் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் அந்த வயல்களில்தான் பிழைத்தார்கள். சேரியின் தலைக்கு மேலே கம்பி போய்க்கொண்டிருந்த வருடங்களில் கீழே சிமினி விளக்கு எரிந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறோம்.

பிறகு வந்தது 'ஒரு விளக்கு'. குடிசைக்கு இலவசமாக ஓர் இணைப்பு. 250 சதுர அடிக்கு மேல் போகாத வீடு. 40 வாட் பல்பு ஒன்று. இன்னொரு பல்பு மாட்டினால் அது கட்டண இணைப்பாக மாறிவிடும். வெளிச்சம் வந்ததில் எங்கள் மக்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். அந்தப் பல்புக்கடியில் படித்துத்தான் நாங்களும் வந்தோம். ஆனால் அந்த விதியை எழுதியவர் மனதில் இருந்த ஏழைக்குக் கண் மட்டும்தான் இருந்தது. வியர்க்கிற உடம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

ஃபேன் சேரிக்குள் வந்தது முதலில் அரசால் அல்ல. பெங்களூரு கட்டட வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி, வளைகுடா வேலை என்று போனவர்கள் வாங்கி வந்தார்கள். ஃபேன், டேப் ரெக்கார்டர், தையல் மிஷின், பிறகு டிவி என்று அநேகமாக அந்த வரிசையிலேயே வரும். ஊர்க்காரர் வீட்டு வராந்தாவில் நின்று, உள்ளே சுற்றும் காத்தாடியைத் தலைதூக்கிப் பார்த்த பிள்ளைகள் அதே காத்தாடியைத் தங்கள் வீட்டு உத்தரத்தில் மாட்டியபோது அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்!

அதனால்தான் அது உடைக்கவும் பட்டது. 1995 ஆகஸ்ட் 31இல் தென்மாவட்டத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தால் கொஞ்சம் தலைநிமிர்ந்திருந்த தலித் கிராமம் அது. உடைபட்ட பொருள்களின் பட்டியலை அந்நாளைய செய்திகளில் படித்துப் பாருங்கள். டிவி, ஃபேன், டேப் ரெக்கார்டர், தையல் மிஷின். தேடுதல் வேட்டைக்கு வந்தவர்களுக்கு ஃபேனின் இறக்கையில் என்ன குற்றவாளி கிடைப்பான்? 2012 நவம்பர் 7இல் தர்மபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோதும் இதேதான். ஒரு சாதிமறுப்புத் திருமணம் காரணம் என்றார்கள். எரிந்தது வெளியூரில் உழைத்துச் சேர்த்த வீட்டுச் சாமான்கள். ராமநாதபுரத்தில் மண்பாத்திரம் தவிர வேறு இருக்கக் கூடாது என்று சொன்ன அதே விதி, எண்பது வருஷம் கழித்து வாயால் சொல்லப்படாமல் நெருப்பால் சொல்லப்பட்டது.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில், 2011 செப்டம்பர் 15 அன்று, விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. குடும்ப அட்டை வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணின் கையில் ஒரு டேபிள் ஃபேன். மேலே முதலமைச்சர் படம். 'இலவசத்தால் மக்கள் சோம்பேறி ஆகிறார்கள்' என்று ஏசி அறையில் உட்கார்ந்து தலையங்கம் எழுதினார்கள். அந்த விமர்சகர்களின் தாத்தாக்களுக்கு இலவசமாகக் காற்று வந்த வரலாறு அவர்களுக்கு நினைவில் இல்லை. ஒரு விளக்கு இணைப்புள்ள குடிசையில் இந்தச் சாமான்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விதியும் தளர்ந்தது. 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றும் ஆனது.

அந்த ஃபேன் எத்தனை வீட்டில் சுற்றியது என்பது வேறு கதை. பல வீடுகளில் அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மகளுக்குச் சீர் வைக்க வேண்டும் என்று பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். பிரித்த வீடுகளில் ஒரு புகார் திரும்பத் திரும்ப வந்தது. "அனல் காத்துதான் வருது." ஆயாவும் அதைத்தான் சொன்னார். பெரியவர்கள் ஃபேனைக் குறை சொல்வதாக நாங்கள் முதலில் நினைத்தோம். அவர்கள் குறை சொன்னது ஃபேனை அல்ல, கூரையை.

ஃபேன் காற்றைக் குளிர்விக்காது. இருக்கிற காற்றை நகர்த்தும், அவ்வளவுதான். நகரும் காற்றில் வியர்வை சீக்கிரம் உலர்கிறது, உலரும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிராது, கரண்ட்தான் வீணாகும். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அறைக் காற்று அதைவிடச் சூடானால் ஃபேன் ஒரு கையால் வியர்வையை உலர்த்திக்கொண்டே மறு கையால் சூட்டை மேலே அள்ளிப் போடும். 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மே மாத மத்தியானம் மூன்று மணிக்கு, சிமெண்ட் ஷீட் போட்ட, ஜன்னல் இல்லாத அறை எத்தனை டிகிரியில் இருக்கும்? நாங்கள் ஒரு சின்ன வெப்பமானியைக் கையோடு கொண்டுபோனோம். ஆயா வீட்டில் அன்று அது 41 காட்டியது. வெளியே வேப்பமரத்தடியில் 38.

அப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது ஃபேனை வேகமாக வைப்பதல்ல, உடம்பை நனைப்பது. கை, கழுத்து, கால் எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் முன்னால் உட்கார்ந்தால் வியர்வை செய்யும் வேலையைத் தண்ணீர் செய்யும். வேலூர், திருவண்ணாமலை போன்ற வறண்ட வெயிலில் இது நன்றாகவே பலிக்கும். ஃபேன் முன்னால் ஈரத்துணி தொங்கவிடுவதும் இங்கே சரி. சென்னை, கடலூர் போன்ற கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் துணி தொங்கவிட்டால் புழுக்கம்தான் மிஞ்சும். ஈரக்கையால் டேபிள் ஃபேனைத் தொடாதீர்கள். எர்த் கம்பி இல்லாத இணைப்புகள் காலனிகளில் நிறைய இருக்கின்றன.

சாயங்காலம் வேறு கணக்கு. சூரியன் இறங்கியதும் வெளிக்காற்று ஆறிவிடும். வீட்டுக்குள் சுவரும் ஷீட்டும் நடுஇரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அப்போது அறை நடுவில் ஃபேனை வைத்தால் உள்ளே இருக்கும் சூட்டையே கலக்கிக்கொண்டிருக்கும். ஃபேனைக் கதவருகே தாழ்வான முக்காலியில் வைத்து முகத்தை உள்பக்கம் திருப்ப வேண்டும். அது வெளியே ஆறிய காற்றை இழுத்து உள்ளே தள்ளும். ஆனால் உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். சூடான காற்று மேலே போகும், ஆகவே அந்த வழி மேலே, எதிர்ச்சுவரில், ஷீட்டுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஒரே ஓட்டை உள்ள பானைக்குள் எவ்வளவு ஊதினாலும் காற்று நிற்காது. கதவோரம் ஃபேன் வைக்க முடியாதவர்கள் ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்துப் பார்க்கலாம். சூடு வெளியே போகும், கதவு வழியாக ஆறிய காற்று தானே வரும்.

ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பது, தென்னங்கீற்றுப் பரப்புவது, உள்ளே பழைய சாக்கைத் தைத்துத் தட்டி கட்டுவது எல்லாம் ஃபேனை விடவும் முதலில் செய்ய வேண்டியவை. கூரை வீட்டிலிருந்து ஷீட்டுக்கு மாறியபோது நம் மக்கள் தீக்குப் பயப்படாமல் தூங்கலாம் என்று நினைத்தார்கள். வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்த நாட்டில் அந்தப் பயம் சாதாரணமானதல்ல. 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கப் போவதாகச் சொன்னதும் இந்த ஏக்கத்தைத் தெரிந்துதான். ஆனால் தீப்பிடிக்காத கூரை கிடைத்தவர்களுக்குக் காற்று வரும் சுவர் கிடைத்ததா என்று எந்த அதிகாரியும் அளந்து பார்ப்பதில்லை. தொகுப்பு வீடுகளில் ஜன்னல் என்று வரைபடத்தில் இருக்கும், ஒரு பக்கம் மட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் ஃபேன் யாருக்குச் சுற்றுகிறது? ஆண்கள் தெருவில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் உள்ளே, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு. கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்குங்கள் என்று அவர்களிடம் சொல்ல எங்களுக்கே வாய் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சமைக்கும் நேரத்தில் அடுப்பு அணையுமென்று ஃபேனை நிறுத்துகிறார்கள். சமைப்பவர் வேகிறார், சோறு வெந்ததும் ஃபேன் சாப்பிடுகிறவர் பக்கம் திரும்புகிறது. பங்கா காலத்துச் சுவர் நம் வீட்டுக்குள்ளேயும் நிற்கிறது தோழர்களே.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புதிது வாங்க வேண்டாம். முதலில் இறக்கைத் தூசியைத் துடையுங்கள். பிறகு கண்டன்சரை மாற்றிப் பாருங்கள், சொற்பக் காசுதான். அப்படியும் சுற்றவில்லை என்றால் குற்றம் உங்கள் வீட்டில் இல்லை. ஊர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போகும் கம்பியின் கடைசி நுனியில்தான் பெரும்பாலும் காலனி இருக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 160 வந்தால் மோட்டாரின் இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடும். ஊரில் காற்று வருகிறது, காலனியில் காத்தாடி மூச்சுவாங்குகிறது என்றால் அது மின்வாரியத்துக்கு எழுத வேண்டிய மனு. ஒரு வீட்டுப் புகாராக எழுதாதீர்கள். தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, நேரம் போட்டு, வோல்டேஜ் அளந்து எழுதுங்கள்.

பில்லுக்குப் பயந்து இரவில் ஃபேனை நிறுத்துகிறவர்களுக்காக ஒரு கணக்கு. 75 வாட் சீலிங் ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். டேபிள் ஃபேன் 55 வாட் என்றால் 33 யூனிட். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான், 18 யூனிட்டில் முடிந்துவிடும். 100 யூனிட் இலவசத்துக்குள் ஃபேன் அடங்கும். வயதானவர்கள் புழுக்கத்தில் படுத்து மிச்சம் பிடிக்க வேண்டிய காசு அதில் இல்லை.

ஆயா வீட்டுக் கதைக்கு வருகிறோம். நாங்களும் காலனி இளைஞர்கள் இருவருமாகப் பின்சுவரில் ஷீட்டுக்குக் கீழே ஆறு செங்கல்லைப் பெயர்த்து ஜாலிக்கல் வைத்தோம். எலிக்குப் பழைய கொசுவலை அடித்தோம். மறுநாளே தோட்டக்காரர் வந்தார். "யாரக் கேட்டு ஓட்ட போட்டீங்க?" என்றார். ஆள் எட்ட முடியாத உயரம், அங்கிருந்து தோட்டமே தெரியாது என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆயா உள்ளேயிருந்து, "என் செவுரு, என் பட்டா, என் காத்து" என்று சத்தம் போட்டார். எழுபது வயதுக்கு மேல் ஆன மனுஷி, அந்த ஆளின் அப்பா நிலத்தில் களையெடுத்தவர். அவரை அப்படிப் பேசி நாங்கள் பார்த்ததில்லை, தோட்டக்காரரும் பார்த்திருக்க மாட்டார். பஞ்சாயத்தில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதும்வரை கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பட்டாவின் நகலோடு போவதாக இருக்கிறோம்.

அன்று இரவு எட்டு மணிக்கு வெப்பமானி உள்ளே 36 காட்டியது. ஃபேனைக் கதவோரம் முக்காலியில் வைத்து உள்பக்கம் திருப்பினோம். ஒன்பதரைக்குப் பார்த்தபோது 33. பெட்டியில் பத்து வருஷம் கிடந்த ஃபேன் அது. முதலமைச்சர் படம் பாதி உரிந்திருந்தது. ஆயா வாசற்படிக்கு உள்ளே பாயைப் போட்டுக்கொண்டு, "சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, எண்ண கிண்ண போடணுமா பாரு" என்றபடி திரும்பிப் படுத்தார்.